பணம் கட்டும் முன் படகு எவ்வளவு தூரம் போகும் என்று கேளுங்கள்

திமிங்கிலமும் கடற்பறவைகளும் பார்க்கப் படகில் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஆறு மணி நேரப் பயணம், கண்டத்திட்டின் விளிம்பு (கடலடி சட்டென்று ஆழத்துக்கு இறங்கும் இடம்) வரை போவோம், பறவைகள் தெரிந்த வழிகாட்டி கூட வருவார் என்று சொல்லித்தான் முழுப் பணத்தையும் முன்பே வாங்கினார்கள். நான் போனதே ஸ்டார்ம் பெட்ரலுக்காக. அலைமேல் நடப்பதுபோலக் காலைத் தொங்கவிட்டுப் பறக்கும் சின்னஞ்சிறு பறவை; கூடு கட்டும் காலம் தவிரக் கரைப்பக்கம் வராது. அதைப் பார்க்க, அந்த விளிம்புவரை போவதுதான் நல்லது. அங்கே அடிநீர் மேலேறி வருவதால் இரை திரளும்.

படகில் ஏறினால் வழிகாட்டியே இல்லை. கொஞ்ச தூரம் போய் மீன் கழிவை வீசினார்கள், கடற்காகங்கள் மொய்த்தன. "கடற்பறவை கேட்டீங்களே, இதோ" என்றார் படகோட்டி. கைபேசியில் ஜிபிஎஸ் பதிவை ஓடவிட்டிருந்தேன் (சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், நீங்களும் செய்யுங்கள்). கரையிலிருந்து 9 கிலோமீட்டரைப் படகு தாண்டவே இல்லை.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். தாயும் குட்டியுமாகக் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் தென்பட்டன. எங்களோடு சேர்த்து ஐந்து படகுகள் சூழ்ந்துகொண்டன. நியூசிலாந்தில் திமிங்கிலத்துக்கு 300 மீட்டருக்குள் மூன்று படகுகளுக்கு மேல் நிற்கக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. முறை தெரிந்தவர் பக்கவாட்டில், 100 மீட்டராவது தள்ளி, அதன் வேகத்துக்கே மெதுவாகப் போவார். எங்கள் ஆள் நேரே முன்னால் கொண்டுபோய் மறித்தார். குட்டியால் தாயளவுக்கு மூச்சடக்க முடியாது, அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். அது வந்த ஒவ்வொரு முறையும் இஞ்சின் உறுமியது. தாய் திரும்பத் திரும்பக் குட்டிக்கும் படகுக்கும் நடுவே வந்தது. "போதுங்க, விட்டுடுங்க, குட்டி இருக்கு" என்று கத்தினேன். "கிட்ட போனாத்தானே போட்டோ வரும்" என்றார். அந்தக் காட்சி இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மூன்றரை மணி நேரத்தில் கரைக்கு வந்துவிட்டோம். மீதி நேரத்துக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "திமிங்கிலம் பார்த்தீங்கள்ல, அப்புறம் என்ன?" என்றார்கள். வானிலை சரியில்லை என்றும் சொன்னார்கள். கடல் அன்று குளம்போலக் கிடந்தது.

எத்தனை கிலோமீட்டர், வழிகாட்டி யார், திமிங்கிலத்திடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்பார்கள், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாய்ப்பேச்சை நம்பினேன். ஜிபிஎஸ் பதிவையும் காணொளியையும் இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். பணத்தைவிட, அந்தப் படகு குட்டியை மறித்ததைத்தான் அதில் முதலில் எழுதினேன்.