ஈ.சி.ஆர். கேண்டில்லைட் டின்னர்: அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் பார்த்துவிட்டு சென்னை ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் 'பிரைவேட் பீச் கேண்டில்லைட் டின்னர்' புக் பண்ண நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். உணவகத்தின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அந்த ஒரு இடத்துக்குப் போகாமல் இருந்தால் தப்பிவிடலாம் என்றும் சொல்ல முடியாது. நீலாங்கரை தாண்டிக் கோவளம் வரை இப்படிப் பேக்கேஜ் விற்பவர்கள் நிறைய. அதில் ஒழுங்காக நடத்துபவர்களும் இருப்பார்கள்.

எங்கள் திருமண நாள் மே மாதம். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் போவதாகத் திட்டம். பேக்கேஜ் இரண்டு பேருக்கு 4,500 ரூபாய், வெல்கம் டிரிங்க் உட்பட, அட்வான்ஸ் 2,000. எல்லாம் வாட்ஸ்அப்பில் பேசி முடித்து ஜிபேயில் பணம் அனுப்பினேன். படத்தில் அலைக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணிப் பந்தல், சுற்றிலும் மின்விளக்குச் சரம். நேரில் போனால் கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தளம். கடல் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம். சத்தம் கேட்டது, அதுவும் ஜெனரேட்டர் நின்றபோது மட்டும். கேட்டதற்கு "பீச் சைடு ஸ்லாட் ஃபுல் ஆயிடுச்சு மேடம், இதுவும் சீ ஃபேசிங்தான்" என்றார்கள். சுவர் ஃபேசிங் என்று சொல்லியிருக்கலாம்.

சரி, வந்தாகிவிட்டது, நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று உட்கார்ந்தோம். இந்த வியாபாரமே இந்த மனநிலையை நம்பித்தான் நடக்கிறது. டேட்டுக்கு வந்த ஜோடி வாய் திறக்காது. பையன் பொண்ணு முன்னால் பில்லைப் பார்த்துக் கணக்குக் கேட்டால் கஞ்சன் என்று நினைத்துவிடுவாளோ என்று கூசுவான். கல்யாணமாகிப் பல வருஷம் ஆனவர்கள்கூட, இருக்கிற ஒரு ராத்திரியில் சண்டை எதற்கு என்று விட்டுவிடுவார்கள். குடும்பமாகப் பத்துப் பேர் போகிற மெஸ்ஸில் இதைச் செய்ய முடியாது, ஒரு சித்தப்பாவாவது எழுந்து கேட்பார்.

பேக்கேஜில் இருந்த உணவு சுமார் ரகம். சூப் ஆறியிருந்தது, நூடுல்ஸ் எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டியில் இதைவிட நன்றாக இருக்கும். அப்புறம் சர்வர் வந்து, "முழுக் கொடுவா கிரில் இருக்கு சார், காலையிலதான் காசிமேட்டுல போட்ல இறங்குச்சு" என்றார். மே மாதத்தில்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்கே போகக்கூடாது. ஃபைபர் படகுகளில் கொஞ்சம் வரும், அதற்கும் அந்த இரண்டு மாதம் விலை ஏறிக் கிடக்கும். மற்றதெல்லாம் வெளி மாநிலத்து மீன், இல்லையென்றால் ஐஸ் மீன். அது தப்பில்லை, காசிமேட்டு போட் என்று சொன்னதுதான் தப்பு. என்ன விலை என்று கேட்டேன். "டூ எய்ட்டி மேடம்." மெழுகுவத்தி வெளிச்சத்தில் மெனுவிலும் 280 என்றுதான் தெரிந்தது. பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் 'நூறு கிராமுக்கு' என்று இருந்ததைப் பிறகு மொபைல் டார்ச் அடித்துத்தான் படிக்க முடிந்தது.

பில் வந்தது. பேக்கேஜ் 4,500. கொடுவா 1,100 கிராம், 3,080. பேக்கேஜிலேயே சேர்ந்தது என்று சொன்ன வெல்கம் டிரிங்க் இரண்டுக்கு 680. கேட்காமலே திறந்து ஊற்றிய தண்ணீர் பாட்டில் இரண்டுக்கு 240. மொத்தம் 8,500. அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம் 850. அந்த 850-ஐயும் சேர்த்து வைத்து அதன்மேல் ஐந்து சதவீத வரி. ஆக 9,818. அட்வான்ஸைக் கழிக்கவே இல்லை. அது டெக்கரேஷனுக்காம். டெக்கரேஷன் என்பது வாடிய ரோஜா இதழும் ஒரு பலூனும்.

"விடும்மா, இன்னிக்கு வேணாம், போலாம்" என்றார் வீட்டுக்காரர். நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், பில்லைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. முதலில் கண்ணில் பட்டது, அது பில்லே இல்லை. தலைப்பில் 'எஸ்டிமேட்' என்று இருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை (தமிழ்நாட்டுக் கடையென்றால் 33-இல் தொடங்கும் 15 இலக்கம்), 2022 ஜனவரியிலிருந்து பில்லில் கட்டாயம் இருக்கவேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. எண்ணே போடாமல் வாங்கும் வரி அரசாங்கத்துக்குப் போகும் என்று எனக்கு நம்பிக்கை கிடையாது. வரி பில் கேட்டேன். பிரின்டர் ரிப்பேர் என்றார்கள். காத்திருக்கிறோம் என்றதும் பிரின்டர் சரியாகிவிட்டது.

சர்வீஸ் சார்ஜுக்கு மேனேஜர் வந்தார். "கம்பெனி பாலிசி மேடம்." மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதியே வழிகாட்டுதல் போட்டுவிட்டது. வாடிக்கையாளரைக் கேட்காமல் சர்வீஸ் சார்ஜைப் பில்லில் சேர்க்கக்கூடாது, வேறு பெயரிலும் வாங்கக்கூடாது. உணவக சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இவ்வளவையும் நான் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் போட்டு 1915-க்கு அடிக்கட்டுமா என்று மட்டும் கேட்டேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண். அந்த 850 போய்விட்டது.

வெல்கம் டிரிங்க் 'இன்க்ளூடட்' என்று அவர்களே அனுப்பிய மெசேஜைக் காட்டினேன். அதுவும் போனது. அட்வான்ஸும் கழிந்தது. தண்ணீருக்கு நான் வாதாடவில்லை. உணவகத்தில் உட்கார வைத்துப் பரிமாறும்போது பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017-இல் சொல்லிவிட்டது. மூடியைத் திருகும் முன் வேண்டாம் என்று சொல்வது ஒன்றே வழி. மீனுக்கும் அவர்கள் அசையவில்லை, நூறு கிராம் என்று அச்சடித்திருக்கிறதே என்றார்கள். எடை போட்டதை யார் பார்த்தது? தட்டுக்கு வந்ததில் தலை, முள் எல்லாம் சேர்த்தும் முக்கால் கிலோ தேறாது. முழு மீனோ சிங்கி இறாலோ சொன்னால், சமைக்கும் முன் மேஜைக்குக் கொண்டுவந்து எடை காட்டச் சொல்லுங்கள், மொத்த விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல கடல் உணவுக் கடைகளில் கேட்காமலே காட்டுவார்கள்.

கடைசியில் கட்டியது 6,211. முதலில் நீட்டிய சீட்டைவிட 3,607 குறைவு. மறுநாள் 1915-இல் மீனுக்கும் இடத்தை மாற்றியதற்கும் புகார் பதிந்திருக்கிறேன்.

இதற்காக டேட்டே போகவேண்டாம் என்று சொல்லவில்லை. ராயப்பேட்டை ஒயிட்ஸ் ரோட்டில் அமேதிஸ்ட் தோட்டத்தில் உட்காரலாம், மெனு விலையைப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம். கொஞ்சம் பெரிதாகச் செலவழிப்பதென்றால் நட்சத்திர ஹோட்டல்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகிற ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் வரி 18 சதவீதம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஏமாற்று இல்லை, சட்டமே அப்படி.

ஏற்கெனவே எங்காவது அட்வான்ஸ் கட்டிவிட்டவர்கள் ஒன்று செய்யுங்கள். பேக்கேஜ் விவரம் அனுப்பும் முன்பே இந்த உணவகத்துக்காரர்கள் வாட்ஸ்அப்பில் 24 மணி நேரத்தில் செய்திகள் தானாக மறையும்படி மாற்றிவிட்டார்கள். அதற்கான அறிவிப்பு சாட்டுக்குள்ளேயே சின்னதாக வரும். நான் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்ததால்தான் அந்த 'இன்க்ளூடட்' கையில் இருந்தது. உங்கள் சாட்டைத் திறந்து இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.