டைம்ஷெயர்: நிலையான வாரமா, புள்ளி முறையா?

கனடாவிலிருந்து மட்டக்களப்புக்குத் தொலைபேசி எடுத்து உறவினர்கள் கேட்பது இது. டைம்ஷெயர் என்றால், ஒரு விடுமுறை விடுதியை ஆண்டுக்குச் சில நாள் பயன்படுத்தும் உரிமையைப் பலர் பகிர்ந்து வாங்குவது. நிலையான வாரத்தில் ஆண்டுதோறும் அதே வாரம். புள்ளி முறையில் வாங்கிய புள்ளிகளைக் கொடுத்து வேண்டிய நாளுக்கு அறை பதியலாம்.

செலவு: இரண்டிலும் முதலில் பெருந்தொகை, பிறகு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம். போகாத ஆண்டுக்கும் கட்டியே ஆக வேண்டும். அது ஏறுமே தவிர இறங்குவது அபூர்வம்.

காலம்: நிலையான வாரம் அசையாது. மட்டக்களப்பு மாமாங்கேசுவரர் கோயில் தீர்த்தத் திருவிழாவோ ஆடி அமாவாசையோடு நகரும். இரண்டும் மோதினால் ஊரா, விடுதியா? புள்ளிகளில் வாரத்தை மாற்றலாம். ஆனால் பள்ளி விடுமுறைக்கு அதிகப் புள்ளிகள் கேட்பார்கள். பிந்திப் பதிந்தால் அறையே கிடைக்காமல் போகலாம்.

கைமாற்றுதல்: இரண்டுமே சிரமம். "முதலீடு" என்று விற்பவர் தொடங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

ஒரே இடம், ஒரே மாதம் என்று பழகிய குடும்பத்துக்கு நிலையான வாரம். விடுமுறை நாள் நிச்சயமில்லாதவருக்குப் புள்ளிகள். விடுமுறையெல்லாம் ஊருக்கே வருபவருக்கு இரண்டும் வேண்டாம். பாசிக்குடாக் கடற்கரையில் தேவையான நாளுக்கு மட்டும் அறை எடுக்கலாம்.