ரோபோ டாக்ஸியா, மனித ஓட்டுநரா: எதில் ஏறலாம்?

விபத்துக் கணக்கை மட்டும் பார்த்தால், தானாக ஓடும் ரோபோ டாக்ஸிகளை அமெரிக்காவில் இயக்கும் வேமோ நிறுவனம் மனித ஓட்டுநர்களை முந்திவிட்டது. பீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ், ஆஸ்டின் நகரங்களில் 2025 ஜனவரி வரை அதன் வண்டிகள் ஓட்டுநரே இல்லாமல் 5.67 கோடி மைல் ஓடியிருந்தன. அதே ஊர்களில் மனிதர்கள் ஓட்டும் வண்டிகளோடு ஒப்பிட்டபோது, பாதசாரிகள் காயமடைந்த விபத்துகள் 92 சதவீதம் குறைவு. இது வேமோவே செய்த ஆய்வு, அதனால் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனாலும் வித்தியாசம் ரொம்பப் பெரிது. இயந்திரம் குடிப்பதில்லை, கண் அசருவதில்லை, போனை எடுப்பதில்லை. லைடார் (லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் கருவி), ரேடார், கேமரா எல்லாம் சேர்ந்து எந்நேரமும் நாலா பக்கமும் பார்க்கின்றன. அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 40,000 பேர் சாகிறார்கள். இதைச் சகஜமாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோமே என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

உயிரிழப்பை ஒப்பிடுவது மட்டும் கடினம். மனித ஓட்டுநர்களின் கணக்கே 10 கோடி மைலுக்கு ஒன்றேகால் மரணம் அளவில்தான் இருக்கிறது. இயந்திரம் அதைவிட மோசமில்லை என்று உறுதியாகச் சொல்ல, ஓர் உயிரும் போகாமல் 27.5 கோடி மைல் ஓட வேண்டும் என்று ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2016-இல் கணக்குப் போட்டது.

சரி, வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால்? இங்கேதான் மனிதர் இன்னும் முன்னால் நிற்கிறார். 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு கார் மோதித் தூக்கி எறிந்த பெண், குரூஸ் நிறுவனத்தின் ரோபோ டாக்ஸிக்கு முன்னால் விழுந்தார். அவர் மேல் மோதி நின்ற வண்டி, ஓரம்கட்டுவதற்காக மறுபடி நகர்ந்து, அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 20 அடி இழுத்துக்கொண்டு போனது. மனிதர் ஓட்டியிருந்தால் அலறல் கேட்டு இறங்கிப் பார்த்திருப்பார். அந்த மாதமே கலிபோர்னியா குரூஸின் உரிமத்தை நிறுத்தியது. 2024 டிசம்பரில் குரூஸின் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோ டாக்ஸித் திட்டத்தையே கைவிட்டது.

வேமோவும் விதிவிலக்கில்லை. குழந்தைகளுக்காக நிற்கும் பள்ளிப் பேருந்துகளை ஆஸ்டினில் அதன் வண்டிகள் நிற்காமல் தாண்டிப் போனதாகப் புகார் எழுந்து, 2025 டிசம்பரில் மென்பொருளைத் திருத்த வேண்டி வந்தது. அதே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் மின்சாரம் போய் சிக்னல்கள் அணைந்தபோது, பல வண்டிகள் நடுரோட்டில் நின்றுவிட்டன. அப்படி ஒரு சந்திப்பில் எதிரே வருபவருக்குக் கையசைத்து வழிவிட்டு, தன் முறை வந்ததும் கடந்து போக ஓட்டுநருக்குத் தெரியும்.

அப்புறம், வேமோவின் எண்களை எல்லா ரோபோ டாக்ஸிக்கும் பொருத்திப் பேசுவது பெரிய தவறு. டெஸ்லா லைடார் இல்லாமல் கேமராக்களை மட்டுமே நம்புகிறது. 2025 ஜூனில் ஆஸ்டினில் ரோபோ டாக்ஸி சேவையைத் தொடங்கியபோது, கண்காணிக்க ஓர் ஊழியரை முன்சீட்டில் உட்காரவைத்துத்தான் ஓட்டியது.

வேமோ பல ஆண்டுகளாக ஓடிப் பழகிய நகரத்தில், சாதாரண நாளின் நள்ளிரவில், தூக்கம் வழியும் ஓட்டுநரைவிட அந்த வண்டியையே நான் தேர்ந்தெடுப்பேன். வெள்ளமோ மின்தடையோ வந்த நாளில் மனிதர் ஓட்டும் டாக்ஸிதான். புதிதாக வரும் நிறுவனத்தின் வண்டி என்றால், ஆளில்லாமல் எத்தனை மைல் ஓடியது, எத்தனை பேருக்குக் காயம் என்ற கணக்கை அது வெளியிடும்வரை ஏற மாட்டேன்.