புகையூட்டிய கறிக்குக் காபியா, தேயிலையா?

புகையூட்டும் கறிக்குக் காபித்தூளையோ தேயிலையையோ, கையில் கிடைப்பதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் காபி கறியின் மேல் தடவும்போதுதான் பயன் தருகிறது. தேயிலையின் சிறப்பு அது கறிக்கு அடியில் புகையும்போதுதான் வெளிப்படுகிறது.

அமெரிக்காவின் டெக்சாஸில் மாட்டின் நெஞ்சுக்கறியை 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் புகையில் வேக விடுவோரில் சிலர், உப்பு, மிளகுடன் காபித்தூளையும் தடவுகிறார்கள். கொழுப்பு உருகி வழியும் கறிக்கு, வறுத்த காபியின் கசப்பு ஈடுகொடுத்துக் கருமையான மேலோட்டைத் தருகிறது. நம் பக்கத்தில் இதற்கு ஏற்றது மேச்சேரி செம்மறியின் முன்னந்தொடை. வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு என்பதால் இடையிடையே கடலை எண்ணெய் தடவ வேண்டும். ஒரு கிலோ கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி காபித்தூள், ஒவ்வொரு மேசைக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், நாட்டுச் சர்க்கரை போதும். தூள் திருநீறு போல நைசாக இருக்க வேண்டும். கொரகொரப்பாக இருந்தால் பல்லில் நெறுநெறுக்கும். கடையில் சிக்கரி கலக்காத தூளாகக் கேட்டு வாங்குவது முக்கியம், ஏனெனில் சிக்கரி கசப்பைக் கூட்டிவிடும். டிகாக்‌ஷன் இறக்கிய சக்கையில் மணம் மிஞ்சாது. அதைத் தடவிப் பயனில்லை.

தேயிலைக்கு முன்னோடி, தேயிலைப் புகையூட்டிய சீனாவின் சிச்சுவான் வாத்து. அந்த முறை நம் அடுப்படிக்கு எளிதில் பொருந்தும். இரும்பு வாணலியில் அலுமினியத் தாளை விரித்து, கால் கோப்பை தேயிலை, அதே அளவு பச்சரிசி, இரண்டு மேசைக்கரண்டி கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றைப் பரப்பி, மேலே கம்பித் தட்டில் கறியை வைத்து இறுக மூட வேண்டும். அரிசி தணலை நிதானமாக நீட்டிக்கிறது. சர்க்கரை நிறம் கொடுக்கிறது. இந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் கறி வேகாது என்பதால், கோழியை உப்பும் மஞ்சளும் தடவி, உட்பகுதி 74 டிகிரியை எட்டும்வரை முன்பே ஆவியில் வேகவைத்துக்கொள்ள வேண்டும். நாட்டுக்கோழிக்குக் கூடுதல் நேரம் தேவை. வெண்புகை தடித்து மஞ்சளாக மாறத் தொடங்கினால் சர்க்கரை கருகுகிறது என்று பொருள். உடனே அடுப்பை அணைத்துவிட வேண்டும். சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

இதில் தேயிலையின் வகையும் முக்கியம். வீட்டில் டீ போடப் பயன்படும் குருணைத் தூள் சட்டென்று தீய்ந்து காரமான நெடியை விடுகிறது. நீலகிரியில் கிடைக்கும் முழு இலைத் தேயிலை மெதுவாகப் புகைந்து, மென்மையான மணத்தைத் தருகிறது. விலை சற்று அதிகம்தான், ஆனாலும் இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஒரே கறிக்கு இரண்டையும் பயன்படுத்தினால் கசப்பின் மேல் கசப்பு ஏறும். தோட்டத்தில் கொட்டாங்குச்சிக் கரியை மூட்டி அரை நாள் காத்திருக்க முடிந்தவர்கள் செம்மறிக்குக் காபியைத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டுச் சமையலுக்கு என் தேர்வு தேயிலையும் கோழியுமே. புகையூட்டிய கோழியைப் பிய்த்துப்போட்டு, பள்ளிபாளையம் முறையில் வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லுடன் புரட்டினால், தேயிலை மணம் மிளகாயின் காரத்துக்கு அடியில் இணக்கமாக நிற்கிறது. காபி தடவிய கறியை அப்படிப் புரட்டினால் அதன் கருகல் சுவை தேங்காயின் இனிப்பை அமுக்கிவிடுகிறது.