குரோமா, பயர்பாக்ஸா: விளம்பரத் தடுப்பில் எது தேறும்?

மயிலாப்பூர் வீட்டில் இரண்டு லேப்டாப். அம்மாவுடையதில் குரோமும் யூபிளாக் ஆரிஜின் லைட்டும். என்னுடையதில் பயர்பாக்ஸும் முழு யூபிளாக் ஆரிஜினும். யூபிளாக் என்பது பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் விளம்பரத் தடுப்பான், அதாவது ஒரு எக்ஸ்டென்ஷன்; லைட் அதன் எளிய பதிப்பு. பழைய யூபிளாக்கை குரோம் அணைத்ததிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. என் ஓட்டு பயர்பாக்ஸுக்கு.

வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் இலவசம்.

பராமரிப்பில்தான் விஷயம். எதைத் தடுக்க வேண்டும் என்று சொல்லும் ஃபில்டர் லிஸ்ட் ஓயாமல் மாறும். தளங்கள் புதுச் சந்தில் நுழையும், லிஸ்ட் எழுதுபவர்கள் அதை அடைப்பார்கள். பயர்பாக்ஸில் யூபிளாக் அந்த லிஸ்டைத் தானே இறக்கிக்கொள்கிறது. வருகிற ஒவ்வொருவரையும் கேட்டில் நிறுத்தி விசாரிக்கும் வாட்ச்மேன் மாதிரி. எக்ஸ்டென்ஷன்களுக்கு குரோம் வைத்திருக்கும் மேனிஃபெஸ்ட் வி3 என்ற விதிமுறையில் வாட்ச்மேன் பிரவுசர்தான். பெயர்ப்பட்டியலை முன்கூட்டியே அதனிடம் கொடுத்துவிட வேண்டும். லைட்டில் லிஸ்ட் புதுசாக வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷனே புதுப் பதிப்பாக வர வேண்டும். ராசிபலன் பக்கத்தில் விளம்பரம் மறுபடி முளைத்தால் எனக்கு மறுநாளே போய்விடுகிறது. அம்மாவுக்கு நாலைந்து நாள் கிடக்கிறது. “என்னடா, மூட்டுவலி எண்ணெய் திரும்ப வந்துடுச்சு?” என்பார்.

சரி, விளம்பரத்தில் பிழைக்கும் கூகுள் தடுப்பானை உள்ளே விட்டதே ஏன்? 2010 வாக்கில் குரோம் புதுசு. ஆட்பிளாக் பிளஸ் என்ற தடுப்பானில் பழகிய பயர்பாக்ஸ்காரர்களை இழுக்க வேண்டியிருந்தது. விளம்பரத்தைத் தடுப்பவரும் முகவரிப் பட்டையில் தட்டி கூகுளில்தான் தேடுகிறார். அவர் பயர்பாக்ஸுக்குப் போனால், அங்கே தானாக வரும் தேடுபொறியாக இருக்க மொசில்லாவுக்குக் கூகுள் பணம் தருகிறது. 2018 பிப்ரவரியில் ரொம்பத் தொல்லை தரும் விளம்பரங்களை குரோம் தானே வடிகட்டத் தொடங்கியதும் இதே கணக்குதான் என்பது என் ஊகம்: எரிச்சலில் ஜனங்கள் முழுத் தடுப்பானைத் தேடிப் போகாமல் இருக்கட்டுமே.

தாராளம் கம்ப்யூட்டரோடு சரி. ஆண்ட்ராய்டு போனின் குரோமில் எக்ஸ்டென்ஷனே போட முடியாது. வேளச்சேரி பறக்கும் ரயிலில் எத்தனை பேர் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு படிக்கிறார்கள்? பயர்பாக்ஸில் போனிலும் யூபிளாக் ஓடும். எனக்கு அதுவே போதும். ஐபோன் பயர்பாக்ஸில் இந்த வசதி கிடையாது.

பிரேவ் என்ற இன்னொரு பிரவுசரை இரண்டு வாரம்தான் ஓட்டினேன், தீர்ப்புச் சொல்ல அது போதாது. பயர்பாக்ஸிலும் குறை உண்டு: ஒரு வங்கித் தளம் அடிக்கடி முரண்டு பிடிக்கிறது, அதற்காக மட்டும் அம்மாவின் லேப்டாப்பைக் கடன் வாங்குகிறேன்.