விறகடுப்பா, எரிவாயுவா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் வீட்டைச் சுற்றி நான்கு தென்னை நிற்கும் குடும்பத்திற்கு, உதிரும் ஓலையும் கொதும்பும் (பாளையை மூடியிருக்கும் மடல்) கதம்பலும் (தேங்காயின் நார் மட்டை) சிரட்டையும் செலவில்லாத விறகாகும், 14.2 கிலோ எரிவாயு உருளையோ ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்து வாங்க வேண்டியது. ஆயினும், எல்லாச் சமையலையும் விறகுக்கு மாற்றுவது சிக்கனம் என்று நான் கருதவில்லை. காலைத் தேநீருக்காக விறகடுப்பு மூட்டினால், தண்ணீர் கொதிக்கும் முன்னரே இரண்டு கொதும்பு எரிந்து தீர்ந்துவிடும். அதற்கு எரிவாயுவே பொருத்தம்.

நெடுநேரம் வேகும் சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு, மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), குளிப்பதற்கான வெந்நீர் ஆகியவைதாம் உருளையை விரைவில் காலியாக்குபவை என்பதால், அவற்றை மட்டும் வெளியிலுள்ள விறகடுப்பில் வைத்தாலே மிச்சம் கண்கூடாகத் தெரியும். சிரட்டைக் கனல் நெடுநேரம் நிற்பதால், சோற்றை இறக்கிய பின் அதே தணலில் வெந்நீர்ப் பானையை ஏற்றிவிடலாம்.

இம்மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்வதால், மே மாதத்திற்குள் விறகை உலர்த்திக் கூரையடியில் அடுக்காதவர்களுக்கு, ஈர மட்டையை ஊதி ஊதிக் கண் எரிவதுதான் மிச்சம். புகை வெளியேற வழியில்லாத சமையலறை உள்ளவர்கள், நுரையீரலுக்கு வரும் கேட்டையும் கணக்கில் சேர்த்தால், எரிவாயுவையே வைத்துக்கொள்வது நல்லது.