கோட்டை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் "நானும் தமிழ்தான்" என்று வருபவர்

போன ஞாயிறு கொழும்பில் காலையிலிருந்தே மப்பும் மந்தாரமும். மட்டக்களப்பிலிருந்து மாமா வந்திருந்தார், வெயில் இல்லாத நேரத்தில் கோட்டைப் பக்கம் நடந்தே பார்த்துவிடலாம் என்று காலிமுகத்திடலில் தொடங்கி, 1930இல் திறந்த பழைய பாராளுமன்றத்தின் தூண்களை வெளியே நின்று பார்த்துவிட்டு, சத்தாம் வீதிச் சந்தி மணிக்கூட்டுக் கோபுரம் வரை வந்தோம்.

அங்கேதான் அந்த ஆள். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த குடை. மாமாவோடு நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "நானும் தமிழ்தான் தம்பி, பக்கத்து ஹோட்டலில் வேலை" என்றார். கோபுரம் போர்த்துக்கேயர் கட்டியதாம், 400 வருசமாம். அப்போதே நான் விழித்திருக்க வேண்டும். அது வெள்ளைக்காரன் காலத்தில், 1857இல் எழுந்தது. மேலே விளக்கு ஏற்றி வெளிச்சவீடாக்கியது 1867இல். சுற்றிலும் கட்டடங்கள் எழும்பி வெளிச்சத்தை மறைக்கவே, கடலோரத்தில் வேறு ஒன்று கட்டினார்கள். சரி, வயதான மனுசன், தெரியாமல் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து ஒல்லாந்தர் கட்டிய வுல்வெண்டால் தேவாலயத்துக்குப் போகிறோம் என்றதும் வானத்தைப் பார்த்தார். "மழை வரப்போகுது, கோயிலையும் 12 மணிக்குப் பூட்டிடுவாங்க. கங்காராமையில இண்டைக்கு மட்டும் பெரஹரா, யானை வருது, முதல்ல அதைப் பாருங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, ஒரு ஓட்டோ வந்து நின்றது. கங்காராமைப் பௌத்த விகாரையின் யானை ஊர்வலமான நவம் பெரஹரா பெப்ரவரியில்தான் என்பது வெள்ளவத்தையில் பத்து வருசம் இருக்கும் எனக்குத் தெரியாதா? தெரியும். யானை என்றதும் மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது, மழைக்கு முன் ஓடவேண்டும் என்ற அவசரம் வேறு, ஏறிவிட்டோம்.

யானையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு சந்துக்குள் இரத்தினக்கல் கடை வாசலில் நிறுத்தினான். உள்ளே தேத்தண்ணீர் தந்தார்கள், "அரசாங்க விலை, இன்றோடு முடிகிறது" என்றார்கள். மாமா 6,500 ரூபாய்க்கு ஒரு சந்திரகாந்தக் கல் வாங்கிவிட்டார். வெளியே வந்தால் மீற்றரில் 3,900. கடைக்குள் இருந்த நேரமும் ஓடியிருக்கிறது, அதைவிட, ஒவ்வொரு சிக்னலிலும் அது குதித்ததை நானே பார்த்தேன். சத்தம் போட்டு 2,500இல் முடித்தேன், அதுவும் அநியாயம்தான்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் தெருவில் தானாக வந்து நிற்கும் ஓட்டோவில் ஏறவேண்டாம், பிக்மீ செயலியில் கூப்பிடுங்கள், காசு முதலே தெரிந்துவிடும். தேவாலயம் திறந்திருக்கிறதா என்பதை அதன் வாசலில் போய்க் கேளுங்கள். நாங்கள் பிறகு போனபோது திறந்துதான் இருந்தது, மணி இரண்டரை.

மறுநாள் மாமா கல்லைச் செட்டியார் தெருவில் தெரிந்த நகைக்கடைக்காரரிடம் நீட்டினார். அவர் பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை, "தேத்தண்ணி குடிச்சீங்களோ?" என்றுதான் கேட்டார்.